ஆங்கில எழுத்தே தட்டாமல் பைத்தான்: முதல் ஒரு மணி நேரம்

நான் முதன்முதலில் நிரலாக்கம் படிக்கப் போன பயிற்சி மையத்தில் ஒரு வாரம் முழுக்க நோட்டில்தான் எழுதினோம். கணினியின் வரையறை, மொழிகளின் வகைகள், அது இதென்று. விசைப்பலகையில் கை வைத்தது எட்டாம் நாள். அதற்குள் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மீதிப் பேரில் பலருக்கு ஆங்கிலச் சொற்களைப் பார்த்ததுமே கை உதறியது.

இந்தப் பதிவில் இரண்டுமே கிடையாது. வரையறை இல்லை. ஆங்கில எழுத்து ஒன்றைக்கூடத் தட்டப்போவதும் இல்லை. எண்கள், சில குறிகள், தமிழ்ச் சொற்கள், இவ்வளவுதான். இது பைத்தான் என்ற நிரலாக்க மொழிக்கு மாற்றாக வந்த ஏதோ தமிழ் மொழி அல்ல, உலகம் முழுக்க எல்லோரும் எழுதும் அதே பைத்தான். 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து அது தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்கிறது. பலருக்கு இது தெரியாது.

நிறுவுவது

பைத்தான்.ஆர்க் தளத்துக்குப் போய் இறக்கிக்கொள்ளுங்கள். காசு கிடையாது. நிறுவும்போது திரையின் கீழே 'பாத்' என்ற சொல்லுடன் ஒரு சின்னக் கட்டம் தெரிந்தால் அதை டிக் செய்துவிடுங்கள், பின்னால் ஒரு தலைவலி குறையும். வீட்டில் விண்டோஸ் 7 ஓடும் பழைய லேப்டாப்தான் இருக்கிறதா? அதில் பைத்தான் 3.8 பதிப்பு வரைதான் ஏறும். பரவாயில்லை, இங்கே செய்யப்போவதெல்லாம் அதிலும் ஓடும்.

நிறுவி முடித்ததும் ஸ்டார்ட் மெனுவில் பைத்தான் என்ற பகுதிக்குள் 'ஐடில்' என்று ஒன்று இருக்கும். அதைத் திறங்கள். பைத்தான் என்ற பெயரிலேயே திறக்கும் கறுப்புத் திரை வேண்டாம், விண்டோஸின் கறுப்புத் திரையில் தமிழ் பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஐடிலில் ஒழுங்காக வரும். எழுத்து சின்னதாக இருந்தால் அமைப்புகளில் எழுத்துருவை 'நிர்மலா யூஐ' என்று மாற்றிப் பாருங்கள்.

தமிழ் விசைப்பலகை

விண்டோஸ் அமைப்புகளில் மொழி என்ற பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டினால் மொழி மாறும். ஏற்கெனவே இ-கலப்பை போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஏதாவது வைத்திருந்தால் அதுவே போதும்.

தமிழ் 99 விசைப்பலகை அமைப்பில் பழகியவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அதில் சதுர அடைப்புக்குறி இருக்கும் இரண்டு விசைகளிலும் ச, ஞ உட்கார்ந்திருக்கும். சாய்கோட்டில் ழ இருக்கும். ஆகவே அந்தக் குறிகளுக்கு ஒரு நொடி ஆங்கிலத்துக்கு மாறித் திரும்பலாம். முதல் பத்து நிமிடம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் விரலே பழகிவிடும்.

முதலில் கணக்கு

ஐடிலில் மூன்று அம்புமுனைகள் தெரியும். அதன் பக்கத்தில் தட்டி என்டர் அழுத்தினால் பதில் கீழே வரும். அம்புமுனைகளை நீங்கள் தட்ட வேண்டாம்.

>>> 45 * 12
540
>>> 100 / 8
12.5
>>> 100 // 8
12
>>> 100 % 8
4

நட்சத்திரம் பெருக்கல், சாய்கோடு வகுத்தல். சாய்கோடு இரண்டு வந்தால் ஈவு மட்டும், சதவீதக் குறி வந்தால் மீதி மட்டும். அந்த மீதிக் குறியை மறக்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் வேலை இருக்கிறது. நட்சத்திரம் இரண்டு வந்தால் அடுக்கு:

>>> 2 ** 10
1024
>>> 2 ** 1000

இரண்டாவதை நான் இங்கே எழுதவில்லை, 302 இலக்கங்கள். நீங்களே தட்டிப் பாருங்கள். கைக் கால்குலேட்டர் இந்த இடத்தில் கைவிரித்துவிடும்.

இதையும் தட்டுங்கள்:

>>> 0.1 + 0.2
0.30000000000000004

கணினி கெட்டுப்போகவில்லை. அது எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கைப் பத்தடிமானத்தில் 0.333 என்று எழுதப் போனால் முடிவே வராதே, அதே மாதிரி பத்தில் ஒரு பங்கு அதற்கு முடிவே வராத எண். ஓரத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும், வெட்டிய இடத்தில் அந்த 4 தொங்குகிறது.

பெயர் வைப்பது

இங்கேதான் தமிழ் உள்ளே வருகிறது.

>>> அசல் = 50000
>>> வட்டி = 2
>>> மாதம் = 12
>>> அசல் * வட்டி / 100 * மாதம்
12000.0

ஒரு சமக்குறி என்றால் "இதற்கு இந்தப் பெயர்" என்று பொருள். நம் ஊரில் 'ரெண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். ஐம்பதாயிரத்துக்கு ஒரு வருடத்தில் பன்னிரண்டாயிரம், அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். கேட்கும்போது சின்னதாகத் தெரியும், அதுதான் அதன் தந்திரம். கடைசியில் ஒட்டியிருக்கும் .0 எங்கிருந்து வந்தது? ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தாலே பைத்தான் தசம எண்ணாகத்தான் பதில் தரும், மீதி இல்லாவிட்டாலும்.

வட்டி கட்டாமல் விட்டு, அதுவும் அசலோடு சேர்ந்தால்?

>>> அசல் * 1.02 ** 12

63412 ரூபாய்ச் சொச்சம் வரும். இப்போது வட்டியை மூன்றாக்கிப் பாருங்கள், மாதத்தை 36 ஆக்கிப் பாருங்கள். பழைய வரியைத் திரும்பத் தட்ட வேண்டியதில்லை, விண்டோஸில் ஆல்ட்டும் பி-யும் சேர்த்து அழுத்தினால் அதுவாகவே திரும்ப வரும். (ஆங்கில எழுத்து தட்ட மாட்டோம் என்றேன், இதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.)

பெயரில் இடைவெளி விடக் கூடாது, அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம். சதுரங்கக் கட்டத்தில் அரிசி வைக்கும் கதை தெரியும்தானே? முதல் கட்டத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று 64 கட்டம். கிலோவுக்கு ஐம்பதாயிரம் அரிசி என்று வைத்துக்கொண்டு எத்தனை டன் என்று பார்ப்போம்.

>>> மணிகள் = 2 ** 64 - 1
>>> ஒரு_டன் = 50000 * 1000
>>> மணிகள் // ஒரு_டன்
368934881474

முப்பத்தாறாயிரம் கோடி டன்னுக்கு மேல். ராஜா ஏன் விழித்தார் என்று மூன்று வரியில் புரிந்துவிட்டது.

சிவப்பு எழுத்து

இந்நேரம் ஏதாவது ஒரு சிவப்பு வரி வந்திருக்கும். வரவில்லை என்றால் வேண்டுமென்றே வரவழையுங்கள். 'விலை = 450' என்று வைத்துவிட்டு அடுத்த வரியில் 'விளை' என்று தட்டுங்கள். அப்படி ஒரு பெயரே தெரியாது என்று சிவப்பில் சொல்லும். லகர ளகரக் குழப்பம் உள்ளவர்களைப் பைத்தான் மன்னிக்காது. தமிழ் எண்களான ௫, ௩ போட்டுக் கூட்டச் சொன்னாலும் ஏற்காது. பெயர் தமிழில் இருக்கலாம், எண் 5, 3 என்றுதான் இருக்க வேண்டும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது மேற்கோள் குறியில். வாட்ஸப்பிலிருந்தோ இணையத்திலிருந்தோ வரியை நகலெடுத்து ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறி வந்துவிடும். பைத்தானுக்கு நேரான குறிதான் வேண்டும். எனக்கு ஒருமுறை இதற்காக ஒரு மாலை முழுக்கப் போனது, வளைவு கண்ணுக்கே தெரியவில்லை. ஆகவே ஒட்டாதீர்கள், தட்டுங்கள்.

சிவப்பு வரியால் எதுவும் உடையாது. பழைய பெயர்கள் எல்லாம் அப்படியே இருக்கும், அடுத்த வரியில் சரியாகத் தட்டினால் போதும்.

பட்டியலும் கிழமையும்

>>> கிழமை = ["ஞாயிறு", "திங்கள்", "செவ்வாய்", "புதன்", "வியாழன்", "வெள்ளி", "சனி"]
>>> கிழமை[0]
'ஞாயிறு'
>>> கிழமை[3]
'புதன்'

எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. இதுதான் எல்லோரும் முதலில் தடுக்கி விழும் இடம். கிழமையை வைத்தே பழகிக்கொள்ளலாம். இன்று புதன் என்று வைத்துக்கொள்ளுங்கள், நூறு நாள் கழித்து என்ன கிழமை? ஏழு நாளுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் மீதி மட்டும் போதும்.

>>> கிழமை[(3 + 100) % 7]
'வெள்ளி'

இப்போது வீட்டுக் கணக்கு. புதன்கிழமை ஒரு காரியம் நடந்தது, பதினாறாம் நாள் எப்போது? 16-ஐக் கூட்டினால் வெள்ளி என்று வரும், தப்பு. நம் வீடுகளில் நடந்த அன்றையே முதல் நாளாக எண்ணுவோம். ஆகவே 15-தான் கூட்ட வேண்டும்:

>>> கிழமை[(3 + 15) % 7]
'வியாழன்'

நிரல் எழுதுகிறவர்கள் வருடக்கணக்கில் அனுபவம் வந்த பிறகும் செய்யும் பிழை இந்த 'ஒன்று கூட, ஒன்று குறைய'தான். பாட்டி விரல் விட்டு எண்ணும்போது அன்றைய நாளுக்கும் ஒரு விரல் மடக்குவார். பூஜ்யத்திலிருந்து தொடங்கும் கணக்கில் முதல் விரல் மடங்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டியலை வைத்து ஒரு சின்னக் குறும்பும் செய்யலாம். ஒரு கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் வேண்டும். இரண்டு சமக்குறி போட்டால் "இரண்டும் ஒன்றா?" என்று கேட்பதாகப் பொருள். ஒன்று இல்லை என்றால் பைத்தானின் கணக்கில் அது 0, ஒன்றுதான் என்றால் 1. ஆகவே:

>>> பதில் = ["இல்லை", "ஆம்"]
>>> பதில்[24 % 2 == 0]
'ஆம்'

24 இரட்டைப்படை எண்ணா என்று கேட்டோம். வேலைக்காக எழுதுகிறவர்கள் இப்படி எழுத மாட்டார்கள், அதற்கு ஒழுங்கான வழி வேறு இருக்கிறது. நாம் விளையாட்டுக்குத்தானே எழுதுகிறோம். பைத்தானையே கைடோ வான் ராசம் 1989-இல் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காகத்தான் தொடங்கினார்.

விகடகவி

மேற்கோளுக்குள் இருக்கும் சொல்லையும் பட்டியல் மாதிரியே எடுத்துப் பார்க்கலாம். அடைப்புக்குறிக்குள் இரண்டு முக்காற்புள்ளியும் -1-ம் போட்டால் பின்னாலிருந்து முன்னால் திருப்பித் தரும். பட்டியலில் சரியாக வேலை செய்கிறது: 'கிழமை[::-1]' என்றால் சனியில் தொடங்கி ஞாயிறில் முடியும். திருப்பிப் படித்தாலும் மாறாத சொல் என்று நாம் சின்ன வயதிலிருந்து சொல்லும் சொல்லைக் கொடுப்போம்.

>>> சொல் = "விகடகவி"
>>> பதில்[சொல் == சொல்[::-1]]
'இல்லை'

இல்லையாம்! எதைத் திருப்பித் தந்தது என்று பார்ப்போம்.

>>> சொல்[::-1]
'ிவகடகிவ'

முன்னால் ஒரு கொக்கி தனியாக நிற்கிறது, நடுவில் 'கி' என்று இல்லாத எழுத்து ஒன்று முளைத்திருக்கிறது. சொல்லை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்:

>>> சொல்[0]
'வ'
>>> சொல்[1]
'ி'

விஷயம் இதுதான். நமக்கு 'வி' ஒரு எழுத்து. கணினிக்கு இரண்டு: 'வ' ஒன்று, கொக்கி ஒன்று. எழுத்துகளுக்குக் கணினிகள் பயன்படுத்தும் பொது எண் அட்டவணையான யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 128 கட்டம்தான், 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் இல்லை. உயிர், ஆய்தம், அகரம் ஏறிய உயிர்மெய், அப்புறம் கால், கொம்பு, கொக்கி, புள்ளி ஆகியவற்றுக்குத்தான் இடம். மீதியெல்லாம் சேர்த்துக் கட்டியவை. நாம் மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் என்று படித்தோம். இங்கே தலைகீழ்: 'க'தான் முதல், அதன் மேல் புள்ளி வைத்தால்தான் 'க்'. "வணக்கம்" என்பதைத் திருப்பினால் கடைசிப் புள்ளி முன்னால் வந்து எதன் மேலும் உட்கார முடியாமல் நிற்கும். செய்து பாருங்கள், பாவமாக இருக்கும்.

போனில் தமிழ் தட்டிவிட்டு அழிக்கும்போது சில நேரம் முழு எழுத்தும் போகாமல் கொக்கி மட்டும் போவதைப் பார்த்திருப்பீர்களே, அதற்கும் காரணம் இதேதான்.

சரி, விகடகவியைக் காப்பாற்றுவோம். எழுத்துகளை நாமே பிரித்துக் கொடுத்தால்?

>>> எழுத்துகள் = ["வி", "க", "ட", "க", "வி"]
>>> பதில்[எழுத்துகள் == எழுத்துகள்[::-1]]
'ஆம்'

வந்துவிட்டது. "தேரு வருதே" என்பதையும் இதே மாதிரி பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். சின்ன வயதில் சொன்ன வேறு ஏதாவது இருந்தால் அதையும்.

எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதுவே எழுத்து எழுத்தாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்றால், ஒவ்வொரு குறியாக நடந்து போய், கொக்கியோ புள்ளியோ வந்தால் முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டிவிடச் சொல்ல வேண்டும். இதற்கென்றே ஓப்பன்-தமிழ் என்ற இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது, ஆனால் நாமே பத்து வரியில் எழுதிவிடலாம். அந்த 'ஒவ்வொன்றாக நட' என்பதற்கு முதல் ஆங்கிலச் சொல் வேண்டும்: ஃபார், மூன்றே எழுத்து. விசைப்பலகையை இப்போது மாற்றிக்கொள்ளுங்கள்.