களாக்காய் ஜாம்: முதல் முறையாகச் செய்பவர்களுக்கான செய்முறை

கோடையின் பிற்பகுதியிலும் ஆனி, ஆடி மாதங்களிலும் வடசென்னையின் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, மூலக்கடைப் பக்கத்துச் சந்தையோரங்களில் கூறு கட்டி விற்கப்படும் களாக்காயை, நம்மில் பெரும்பாலோர் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பதோடும் ஒரு ஜாடி ஊறுகாய் போடுவதோடும் நிறுத்திக்கொள்கிறோம். ஜாமுக்கு இவ்வளவு பொருத்தமான பழம் நம் ஊர் வெயிலில் விளைவது அரிது என்பதால் அது எனக்கு வருத்தம் தருகிறது. ஜாம் இறுகுவதற்குப் பெக்டின் (பழங்களில் இயல்பாகவே இருக்கும், கூழை இறுகச் செய்யும் பொருள்), புளிப்பு, சர்க்கரை ஆகிய மூன்றும் வேண்டும். முதல் இரண்டும் களாக்காயிலேயே தாராளமாக இருக்கின்றன. கடையில் பெக்டின் பொடி வாங்க வேண்டியதில்லை, நிறமியும் எசன்ஸும் தேவையே இல்லை. பேக்கரிகளில் பன்னின் மேலும் கேக்கின் மேலும் சிவப்பாக வைக்கப்படும் 'செர்ரி' பல இடங்களில் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய்தான் என்பதை அறிந்தால், இந்தப் பழத்துக்கும் இனிப்புக்கும் உள்ள உறவு புதியதாகத் தோன்றாது.

பழம் தேர்ந்தெடுத்தல்

களாக்காய் பச்சையாகவோ வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்தோ இருக்கும்போது புளிப்பும் பெக்டினும் மிகுந்திருக்கும். கறுத்துக் கனிந்த பின் நிறமும் மணமும் கூடும், இறுகும் தன்மை குறையும். ஆகவே ஒரு கிலோ வாங்கும்போது முக்கால் பங்கு சிவந்த செங்காயாகவும் கால் பங்கு நன்கு கனிந்த பழமாகவும் பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். கனிந்தவை மட்டுமே கிடைத்தால், வேகும்போது ஓர் எலுமிச்சம்பழத்தின் சாற்றைச் சேர்த்தால் போதும்.

களாச்செடி அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் நச்சுச் செடிகள் பல உண்டு என்பதால், புதர்களில் தாமே பறிக்க விரும்புபவர்கள் செடியை நன்கு அறிந்தவர் ஒருவர் உடன் இருந்தாலொழியப் பறிக்க வேண்டாம்.

காம்பைக் கிள்ளினால் பிசுபிசுப்பான வெள்ளைப் பால் வடியும். விரல்களில் சிறிது நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, ஓர் அகன்ற பாத்திரத்தில் உப்புநீர் ஊற்றி, பழத்தை அந்த நீருக்குள் வைத்தபடியே காம்புகளை நீக்கினால் பால் நீரிலேயே போய்விடும். பின்னர் இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசுங்கள்.

பாத்திரமும் தண்ணீரும்

இவ்வளவு புளிப்பான பழத்தை அலுமினியப் பாத்திரத்திலோ ஈயம் பூசாத பித்தளையிலோ காய்ச்சக் கூடாது. அமிலம் உலோகத்தை அரித்துச் சுவையைக் கெடுக்கும். அடி கனத்த, வாய் அகன்ற எவர்சில்வர் பாத்திரம் சிறந்தது. சர்க்கரை சேர்த்த பின் கலவை பொங்கி மேலேறும் என்பதால், அது பாத்திரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவியதால் பல வீடுகளின் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. அந்தத் தண்ணீரை அலசுவதற்கு வைத்துக்கொண்டு, வேகவைப்பதற்குக் குடிநீரையே பயன்படுத்துங்கள்.

வேகவைத்தல்

இந்தச் செய்முறையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இந்தக் கட்டத்தைத்தான். அவசரப்பட்டுச் சர்க்கரையை முதலிலேயே கொட்டிவிட்டால், அது பழத்தின் தோலைக் கடினமாக்கிவிடும். தோலுக்குள் இருக்கும் பெக்டினும் முழுமையாக வெளிவராது. பிறகு எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் கிடைப்பது பாகில் மிதக்கும் தோலாகவே இருக்கும். ஆகவே பழம் முழுவதும் குழைந்த பிறகே சர்க்கரை.

ஒவ்வொரு பழத்தையும் கத்தியால் ஒருமுறை கீறி, அரை லிட்டர் தண்ணீரோடு பாத்திரத்தில் போட்டு, கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடி வையுங்கள். இருபது முதல் இருபத்தைந்து நிமிடங்களில் தோல் விரல்பட்டால் நசுங்கும் அளவுக்கு வெந்துவிடும். மரக்கரண்டியால் நன்கு மசித்து, சற்று ஆறியதும் எவர்சில்வர் சல்லடையில் இட்டுத் தேய்த்து வடியுங்கள். தட்டையான விதைகள் சல்லடையிலேயே தங்கிவிடும். பச்சையாக இருக்கும்போதே பிளந்து விதை எடுப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் ஜாமில் பழத்துண்டுகள் தென்படும். ஆனால் கையெல்லாம் பால் ஒட்டும், பொறுமையும் வேண்டும். முதல் முறை செய்பவர்களுக்குச் சல்லடை முறையே நல்லது.

சர்க்கரை

வடித்த விழுதை எடை போட்டு, அதே எடைக்கு வெள்ளைச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ காய்க்கு ஏறத்தாழ 800 கிராம் விழுது கிடைக்கும். தராசு இல்லாதவர்கள் ஒரு டம்ளர் விழுதுக்குக் கோபுரமாகக் குவித்த ஒரு டம்ளர் சர்க்கரை என்று கணக்கிடலாம். இந்த அளவு பலருக்கு அதிகமாகத் தோன்றும். ஆனால் சர்க்கரை இங்கே இனிப்புக்கு மட்டும் வரவில்லை; பூஞ்சையும் நுண்ணுயிரிகளும் வளரத் தேவையான நீரை அதுதான் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஜாமில் கரைந்த திடப்பொருள் (பெரும்பாலும் சர்க்கரைதான்) 65 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி கூறுவதும் இதனோடு பொருந்துகிறது. சர்க்கரையைக் குறைத்துச் செய்ய விரும்பினால் தாராளமாகச் செய்யலாம். அந்த ஜாமைக் குளிர்பெட்டியிலேயே வைத்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் உண்டு முடித்துவிட வேண்டும். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் வேறு பலகாரங்களுக்கு உகந்தவை என்றாலும், களாக்காயின் மாணிக்கச் சிவப்பை மங்கச் செய்துவிடுவதால் இங்கே நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

விழுதைச் சூடாக்கி, சர்க்கரையைச் சேர்த்து, சிறு தீயில் முற்றிலும் கரையும்வரை கிளறுங்கள். கரைந்த பின் தீயை முழுமையாகக் கூட்டி, தளதளவென்று கொதிக்க விடுங்கள். சிறு தீயில் நெடுநேரம் காய்ச்சினால் நிறம் பழுப்பேறி, பழத்தின் மணமும் ஆவியோடு போய்விடும். கொதிக்கும் ஜாம் தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதால், நீளமான கரண்டியைப் பயன்படுத்துங்கள். சிறுவர்களை அடுப்பருகே விடாதீர்கள். நுரை அதிகமானால் கால் டீஸ்பூன் நெய் விட்டால் அடங்கும்.

பதம் பார்த்தல்

இனிப்புப் பலகாரம் செய்து பழகியவர்கள் இங்கும் கம்பிப் பதத்தைத் தேடுவார்கள். இரட்டைக் கம்பி வரும்வரை காத்திருந்தால், ஆறியபின் ஜாம் அல்வாவைப்போல இறுகிவிடும். கொதிக்கும் ஜாம் எப்போதும் நீர்த்தே காணப்படும். ஆறினால்தான் அதன் உண்மையான பதம் தெரியும். எனவே வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு சிறு தட்டை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பத்து நிமிடங்கள் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு சொட்டு ஜாமைக் குளிர்ந்த தட்டில் விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். மேற்பரப்பு சுருங்கி மடிந்தால் பதம் வந்துவிட்டது. வழிந்தோடினால் மேலும் இரண்டு நிமிடங்கள் கொதிக்க வைத்து மறுபடி சோதியுங்கள். சோதிக்கும்போது அடுப்பை அணைப்பது அவசியம், ஏனெனில் களாக்காயில் பதம் சட்டென்று தாண்டிவிடும்.

சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 104 முதல் 105 டிகிரி செல்சியஸ் என்பது சரியான அளவு. இந்தக் கணக்கு கடல் மட்டத்தில் இருக்கும் நமக்குரியது. ஊட்டி போன்ற உயரமான ஊர்களில் தண்ணீரே சுமார் 93 டிகிரியில் கொதித்துவிடுவதால், அங்கே அந்தக் கொதிநிலைக்கு மேல் நான்கைந்து டிகிரி என்று கொள்ள வேண்டும்.

பாட்டிலில் நிரப்புதல்

பாரிமுனைப் பக்கத்துக் கடைத்தெருக்களில் மூடியுடன் கூடிய கண்ணாடி பாட்டில்கள் கிடைக்கும். இந்த அளவுக்கு 400 கிராம் பிடிக்கும் மூன்று நான்கு பாட்டில்கள் போதும். அவற்றையும் மூடிகளையும் கொதிநீரில் பத்து நிமிடங்கள் வைத்து எடுத்து, ஈரம் முழுவதும் போகும்வரை உலர்த்துங்கள். பாட்டில் சூடாக இருக்கும்போதே சூடான ஜாமை ஊற்ற வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் விரிசல் விடும். மேலே கால் அங்குலம் இடம் விட்டு, விளிம்பைச் சுத்தமான துணியால் துடைத்து உடனே மூடுங்கள். காசிமேடு, ராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று தகர மூடியை விரைவில் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், உட்பூச்சு உரியாத புது மூடிகளையே தேர்ந்தெடுங்கள். நம் கோடையின் வெப்பத்தில் அலமாரியில் வைத்த ஜாம் நிறம் மங்கும். குளிர்பெட்டியில் வைப்பதே நலம். எடுக்கும் கரண்டி எப்போதும் உலர்ந்திருக்கட்டும். மேலே பூஞ்சை கண்டால் அந்தப் பகுதியை மட்டும் வழித்துவிட்டு மீதியை உண்ண நினைக்காதீர்கள், முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

ஒரு நாள் முழுவதும் ஆறிய பின்னும் ஜாம் நீர்த்தே இருந்தால், அதைப் பாத்திரத்தில் ஊற்றி, அரை எலுமிச்சம்பழச் சாறு சேர்த்து, மீண்டும் கொதிக்க வைத்துப் பதம் பாருங்கள். மாறாக, மிகவும் இறுகிவிட்டால் சிறிது வெந்நீர் விட்டு மெல்லச் சூடாக்கித் தளர்த்தலாம். அப்படியும் சரிவராத ஜாமை இரண்டு கரண்டி எடுத்துக் குளிர்ந்த நீரில் கரைத்தால் வெயிலுக்கு ஏற்ற நல்ல களாக்காய் சர்பத் கிடைக்கும்.