கம்ப்ரஸரை மட்டும் மாற்றிவிட்டு எழுந்து வராதீர்கள்

போன சனிக்கிழமை பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் கூப்பிட்டார். "அண்ணா, சபர்பன்ல பின் கம்ப்ரஸர் செத்துப்போச்சு, புதுசு வாங்கிட்டேன், மாட்டும்போது கூட இருக்கீங்களா?" போய்ப் பார்த்தால் அட்டைப்பெட்டியில் பின் ஷாக்குகளுக்கு (ஷாக் அப்சார்பர்) காற்றடிக்கும் கம்ப்ரஸர் மட்டும் இருக்கிறது. ஷாக் எங்கே என்று கேட்டேன். "அது நல்லாத்தானே இருக்கு?" என்றார். ஏழு வருடத்துக்கு முன் நான் சொன்னதும் இதையேதான்.

வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது என்பதையெல்லாம் எல்லாரும் சொல்வார்கள், அதை விடுகிறேன். 2007 முதல் 2014 வரை வந்த ஷெவர்லே சபர்பன், டாஹோ வகை வண்டிகளில் பின்னால் ஏர் ஷாக் உள்ளவற்றை வைத்துச் சொல்கிறேன். பின்னால் சுருள் ஸ்பிரிங், துணைக்குக் காற்றடைத்த ஷாக் இரண்டு, சேஸிஸ் ஓரத்தில் ஒரு சின்ன 12 வோல்ட் கம்ப்ரஸர்.

கம்ப்ரஸர் ஏன் செத்தது என்று பார்க்காமல் புதியதை மாட்டுவது

இதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது. இந்தக் கம்ப்ரஸர் நாள் முழுக்க ஓடச் செய்யப்பட்டதல்ல. பின்னால் பாரம் ஏற்றினால் கொஞ்ச நேரம் ஓடி, வண்டியைத் தூக்கிவிட்டு நிற்க வேண்டியது. எங்கோ காற்று கசிந்தால் அது விடாமல் ஓடுகிறது, சூடாகிறது, பிஸ்டன் ரிங் தேய்கிறது, கடைசியில் அதற்கு மின்சாரம் விடும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு சாவியை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கிறது, காலையில் பாட்டரி காலி.

இன்னொன்றும் நடக்கிறது. கம்ப்ரஸரோடு ஒட்டியிருக்கும் டிரையருக்குள் சிலிக்கா மணிகள் இருக்கும். காற்று ஷாக்குக்குப் போகும்போது அவை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், பாரத்தை இறக்கியதும் அதே காற்று டிரையர் வழியாகவே வெளியேறி அந்த ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும். லீக் இருந்தால் காற்று திரும்பி வருவதே இல்லை, ஷாக் பக்கமே போய்விடுகிறது, மணிகள் ஊறிப்போகின்றன, ஈரம் லைனுக்குள் இறங்குகிறது. டொராண்டோ மாதிரி ஊரில் ஜனவரியில் அது உள்ளேயே உறைந்து பனிக்கட்டியாகிவிடும்.

எனக்கு முதல் கம்ப்ரஸர் நான்கு மாதம்தான் வந்தது. கடைக்காரரைக் குறை சொல்லிவிட்டு இரண்டாவதை வாங்கி மாட்டினேன், அதுவும் அதே மாதிரி இரைய ஆரம்பித்த பிறகுதான் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக்கொண்டு அடியில் படுத்தேன். ஏர் லைன் இணைப்புகளில் ஒன்றும் இல்லை. வலது ஷாக்கின் ரப்பர் உறை மடியும் இடத்தில், விரலால் மடிப்பை விரித்துப் பிடித்தபோது, கடுகளவு குமிழிகள் வரிசையாக வந்தன. அந்த மயிரிழை வெடிப்புக்கு நான் கொடுத்த விலை இரண்டு கம்ப்ரஸர். சுருள் ஸ்பிரிங் தாங்கிக்கொள்வதால் வண்டி முழுதாக உட்காராது, கொஞ்சமாகத்தான் இறங்கும், அதனால் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. இரவில் சக்கர நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள், காலையில் மறுபடி அளந்து பாருங்கள்.

சரி, தம்பி வண்டியில் என்ன ஆச்சு என்றால், இடது ஷாக்கில் அதே மடிப்பு, அதே குமிழி. இரண்டு ஷாக்கையும், ரிலேயையும் சேர்த்து வாங்கி வரச் சொன்னேன்.

தவறான ஷாக்கை வாங்குவது

குளோவ் பாக்ஸ் ஸ்டிக்கரில் இசட்55 (Z55, மின்னணு சஸ்பென்ஷனின் குறியீடு) என்று இருந்தால் ஷாக்கில் காற்றுக் குழாயோடு மின் ஒயரும் வரும். ஒயர் இல்லாததை மாட்டினால் டாஷ்போர்டில் சஸ்பென்ஷன் எச்சரிக்கை போகவே போகாது.

ஏர் சஸ்பென்ஷன் ஃபியூஸை எடுக்காமல் வண்டியைத் தூக்குவது

கூடாது. உடம்பு மேலே, ஆக்சில் கீழே என்றால் உயரத்தை அளக்கும் ஹைட் சென்சார் வண்டி உயர்ந்துவிட்டதாக நினைத்துக் காற்றை இறக்கிவிடும்.

இரண்டு ஷாக்கையும் ஒன்றாகக் கழற்றுவது

ஆக்சில் தொங்கும்போது அது மேலும் இறங்காமல் பிடித்திருப்பது ஷாக்தான். ஆக்சிலுக்கு அடியில் தனி ஜாக் கொடுத்து, ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள், இல்லையென்றால் சுருள் ஸ்பிரிங் இடம் பெயரும், பிரேக் ஹோஸ் இழுபடும்.

ஏர் லைனைக் கட்டிங் பிளேயரால் வெட்டுவது

நைலான் குழாய் நசுங்கி ஓவலாகிவிடும், இணைப்பில் காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் சரியாக உட்காராது. கூரான பிளேடால் நேராக வெட்டுங்கள். பழைய ஓ-ரிங் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், விளக்கடித்துப் பார்த்து எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

துருப்பிடித்த போல்ட்

முந்தைய நாள் இரவே துருவை இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

வண்டி தொங்கும்போதே கடைசி முறுக்கு

ஷாக்கின் கீழ் போல்ட்டில் இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே பிடிபட்டுவிடும், பிறகு ஒவ்வொரு குழியிலும் அது திருகிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். ஜாக்கால் ஆக்சிலை வண்டி நிற்கும் உயரத்துக்குத் தூக்கிவிட்டு முறுக்குங்கள். அப்புறம் ஃபியூஸைப் போட்டு, வண்டி முழு எடையில் உட்காரும் முன்பே ஷாக்கில் கொஞ்சம் காற்று இருக்கிறதா என்று பாருங்கள், காலி உறை மேல் எடை இறங்கினால் ரப்பர் தப்பாக மடிந்துவிடும்.

தம்பி மறுநாள் காலையில் டேப்போடு படம் அனுப்பினார். இரவு எழுதி வைத்த அதே அளவு.