மின்னணு பீட் அமைக்கத் தொடங்குவோருக்கு: முதலில் மென்பொருள், பிறகு பேட்

கணினியில் பீட் (தாளக்கட்டு) அமைக்க ஆசைப்படுவோரில் பலர், விளக்குகள் மின்னும் ஒரு கன்ட்ரோலரை (பேட் எனப்படும் தட்டும் பொத்தான்கள் கொண்ட கருவியை) வாங்கிய பிறகே அதை எந்த மென்பொருளுடன் இணைப்பது என்று யோசிக்கின்றனர். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். மிடி (இசைக்கருவியும் கணினியும் வாசிப்புத் தகவலைப் பரிமாறும் முறை) வழி இயங்கும் இந்தக் கன்ட்ரோலர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தமாக ஒலி கிடையாது. எந்த பேடை எவ்வளவு வலுவாகத் தட்டினீர்கள் என்பதை மட்டுமே அவை கணினிக்குத் தெரிவிக்கின்றன.

படி 1: மென்பொருள்

மேக் கணினி வைத்திருப்போர் இலவசமாகக் கிடைக்கும் கராஜ்பேண்டிலேயே தொடங்கலாம். விண்டோஸில் எஃப்.எல். ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பை நிறுவிப் பாருங்கள். காலவரம்பு இல்லையென்றாலும், சேமித்த கோப்பை மீண்டும் திறக்க உரிமம் வாங்கியாக வேண்டும். வாங்கியவர்களுக்குப் பின்னர் வரும் புதிய பதிப்புகள் இலவசம். கட்டம் கட்டமாகத் தாளத்தை அடுக்க விரும்புவோருக்கு அதன் ஸ்டெப் சீக்வென்சர் எளிது; லூப்புகளை (திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டுகளை) மாற்றி மாற்றி ஓடவிட்டு, மேடையிலும் வாசிக்க நினைப்போருக்கு ஏபிள்டன் லைவ் பொருந்தும்.

படி 2: கன்ட்ரோலர்

நான்குக்கு நான்கு என 16 பேட் கொண்ட அமைப்பு, ரோஜர் லின் வடிவமைத்து 1988இல் அகாய் நிறுவனம் வெளியிட்ட எம்.பி.சி. 60 கருவியால் பரவலானது. விரலால் டிரம் வாசிப்பதே நோக்கமென்றால், இன்றும் அதே அமைப்பில் வரும் எம்.பி.டி. 218 போன்ற கருவி போதும். பேஸ் வரிகளும் (தாழ்ந்த சுருதியில் ஓடும் இசை) வேண்டுமென்றால் 25 கட்டைகளும் 8 பேடுகளும் கொண்ட எம்.பி.கே. மினி வகையைப் பார்க்கலாம். 64 பேடுகளுடன் வரும் லான்ச்பேடு, ஏபிள்டன் லைவில் கிளிப்புகளை (சிறு இசைத் துண்டுகளை) இயக்குவதற்கென்றே உருவானது. ஆனால் அதன் மினி எம்.கே.3 வகை, தட்டும் வலுவை உணராது. மெல்லத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஸ்னேர் (சுள்ளென ஒலிக்கும் டிரம்) ஒரே மாதிரி ஒலித்தால் தாளத்தில் உயிர் இருக்காது என்பதால், டிரம்முக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய கருவியை வாங்குவோர் ஒவ்வொரு பேடின் நான்கு மூலைகளையும் தட்டிப் பார்க்க வேண்டும். பெட்டியுடன் வந்த மென்பொருள் உரிமத்தை முந்தைய உரிமையாளர் பயன்படுத்திவிட்டாரா என்றும் கேளுங்கள்.

படி 3: தாமதத்தைக் குறைத்தல்

பேடைத் தட்டுவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையே இழுவை தெரிந்தால் கருவியைக் குறைகூறாமல், மென்பொருளின் ஆடியோ அமைப்பில் பஃபர் (ஒலியை வெளியிடும் முன் கணினி சேர்த்து வைக்கும் இடம்) அளவைப் பாருங்கள். நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் ஒரு நொடிப்பொழுது அளவீடு) என்ற வேகத்தில், 1024 சாம்பிள் பஃபர் மட்டுமே ஏறத்தாழ 23 மில்லிநொடி தாமதம் தரும். 256 ஆகக் குறைத்தால் அது 6 மில்லிநொடிக்குள் வந்துவிடும். மிகவும் குறைத்தால் ஒலி வெடித்து உடையும். விண்டோஸில் ஏசியோ டிரைவரை (தாமதம் குறைந்த ஒலி இயக்க மென்பொருளை) தேர்ந்தெடுங்கள். புளூடூத் ஹெட்போனைத் தவிர்த்துவிடுங்கள். அதன் தாமதத்தை எந்த அமைப்பாலும் முழுதாகப் போக்க முடியாது.

படி 4: முதல் பீட்

பொது மிடி வழக்கப்படி கிக் (கனத்து ஒலிக்கும் பெரிய டிரம்) 36, ஸ்னேர் 38, மூடிய ஹை-ஹாட் (ஜோடித் தாளத் தட்டு) 42 என்ற சுர எண்களில் அமையும். 36ஆம் எண்ணை ஏபிள்டன் லைவ் 'சி1' என்றும் எஃப்.எல். ஸ்டுடியோ 'சி3' என்றும் காட்டுவதால், பேடில் ஒலி வராவிட்டால் எழுத்தை நம்பாமல் எண்ணைச் சரிபாருங்கள். வேகத்தை 120 பி.பி.எம். (நிமிடத்துக்கு 120 துடிப்பு) என வைத்து, 16 கட்டங்களில் கிக்கை 1, 5, 9, 13இலும், ஸ்னேரை 5, 13இலும், ஹை-ஹாட்டை 3, 7, 11, 15இலும் வாசித்துப் பதிவு செய்யுங்கள். பின்னர் குவான்டைஸ் (வாசித்த அடிகளைக் கட்டத்தோடு ஒத்துப்போக நகர்த்துதல்) செய்யும்போது 100 சதவீதத்துக்கு இழுக்காமல், வசதி உள்ள மென்பொருளில் 70 அல்லது 80 சதவீதத்தோடு நிறுத்தினால் கைவாசிப்பின் நெளிவு கொஞ்சம் தங்கும்.