வேலூரிலிருந்து விமானம்: சாலை நேரத்தை முதலில் பாருங்கள்

வேலூரிலிருந்து டெல்லிக்கோ மும்பைக்கோ போக, சென்னையில் ஏறுவதா பெங்களூரில் ஏறுவதா என்று பார்த்து டிக்கெட் எடுக்கும்போது, விமான தூரத்தை விட்டுவிட்டு, விமான நிலையம் போய்ச்சேரும் சாலை நேரத்தை முதலில் ஒப்பிடுங்கள். விமானம் மணிக்குச் சுமார் 800 கி.மீ. பறக்கிறது, வானில் 100 கி.மீ. கூடினால் ஏழெட்டு நிமிடம்தான். அதே 100 கி.மீ. சாலையில் என்றால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் போய்விடும், டாக்சி வாடகை வேறு. சென்னை விமான நிலையம் உள்ள மீனம்பாக்கம் வேலூரிலிருந்து ஏறக்குறைய 130 கி.மீ.; ஸ்ரீபெரும்புதூர் வழியாக வந்தால் சென்னை நகருக்குள் நுழையவே வேண்டாம். தேவனஹள்ளியில் உள்ள பெங்களூரு விமான நிலையம் 200 கி.மீ.க்கும் மேல். அதனால் பெங்களூரு டிக்கெட் சில நூறு ரூபாய் குறைவு என்பதற்காக மட்டும் அங்கே போகாதீர்கள்.

வாணியம்பாடி, திருப்பத்தூர்க்காரர்கள் பெங்களூருப் பக்கமாகத் தள்ளி இருப்பதால், அவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அப்புறம், போகும் ஊருக்குப் பெங்களூரிலிருந்து மட்டும் நேரடி விமானம் இருந்தால், சரி, அங்கேயே ஏறுங்கள்.