டெக்ஸஸில் டூயல் கிரெடிட்: பெற்றோரும் பிள்ளைகளும் சறுக்கும் இடங்கள்

அடுத்த ஆண்டுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் மாதங்களில் டெக்ஸஸ் தமிழ்க் குடும்பங்களில் அடிபடும் கேள்வி, "எத்தனை டூயல் கிரெடிட் எடுக்கலாம்?" உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே ஒரு கல்லூரிப் பாடத்தைப் படித்து, அதே பாடத்துக்குப் பள்ளியிலும் கல்லூரியிலும் கிரெடிட் வாங்குவதுதான் இது. டாலஸ் பக்கம் காலின் காலேஜ், ஹூஸ்டன், ஆஸ்டின் கம்யூனிட்டி காலேஜ்கள் எல்லாம் இதை நடத்துகின்றன. எத்தனை எடுப்பது என்பது இரண்டாம் பட்சம். எந்தப் பாடம் என்பதில்தான் முதல் சறுக்கல்.

டெக்ஸஸின் கம்யூனிட்டி காலேஜ்களில், அதாவது இரண்டாண்டுக் கல்லூரிகளில், பாட எண்கள் பொதுவானவை. நான்கு இலக்கங்களில் முதலாவது எந்த ஆண்டுப் பாடம் என்பதைச் சொல்லும், இரண்டாவது எத்தனை கிரெடிட் ஹவர் (பாடத்தின் அளவு) என்பதைச் சொல்லும். இந்த எண்ணைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்துச் சேர்வதால் வரும் நஷ்டம் பெரிது. பயாலஜி 1408 அறிவியலை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுக்காதவர்களுக்கானது. பயாலஜி மேஜருக்கும் மருத்துவக் கனவுக்கும் வேண்டியது 1406. ஃபிசிக்ஸ் 1401 அல்ஜீப்ரா அளவில் நின்றுவிடும். இன்ஜினியரிங்குக்கு கால்குலஸோடு வரும் 2425 வேண்டும். மேத் 1314, அதாவது காலேஜ் அல்ஜீப்ரா, கம்ப்யூட்டர் சயன்ஸ் டிகிரி பிளானில் (பட்டத்துக்கு வேண்டிய பாடப் பட்டியல்) பெரும்பாலும் எந்தக் கட்டத்தையும் நிரப்பாது. அங்கே கணக்கு 2413-இல், கால்குலஸில்தான் தொடங்கும். மூன்று நான்கு பல்கலைக்கழகங்களின் டிகிரி பிளானை முதலில் அச்செடுத்துக்கொண்டு, அவற்றில் பொதுவாக வரும் பாடங்களைத் தேடி எடுப்பதே சரியான வரிசை. மேஜர் முடிவாகாத பிள்ளைக்கு ஆங்கிலம் 1301, ஹிஸ்டரி 1301, கவர்ன்மென்ட் 2305 ஆகியவை ஓரளவு பாதுகாப்பானவை.

"எல்லாம் டிரான்ஸ்ஃபர் ஆகும்" என்று யாராவது சொன்னால், எங்கே, எதற்காக என்று கேளுங்கள். டெக்ஸஸ் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள் எல்லா டிகிரிக்கும் பொதுவான 42 ஹவர் கோர் பாடங்கள் செல்லும். ஆனால் கிரெடிட்டாக ஏற்பது வேறு, மேஜரின் கட்டாயப் பாடமாக ஏற்பது வேறு. வெறும் எலக்டிவாக, அதாவது விருப்பப் பாடமாக, விழுந்தால் படிப்புக் காலம் ஒரு நாள்கூடக் குறையாது. டெக்ஸஸ் மாநில அரசைப் பற்றிய கவர்ன்மென்ட் 2306-ஐ வெளிமாநிலப் பல்கலைக்கழகம் வேறு எதற்குக் கணக்கில் வைத்துக்கொள்ளும்? தனியார் பல்கலைக்கழகங்கள் சில, பள்ளி டிப்ளமாவுக்குக் கணக்கிட்ட பாடத்துக்கோ, பள்ளி வளாகத்திலேயே பள்ளி ஆசிரியர் நடத்திய பாடத்துக்கோ கிரெடிட் தருவதில்லை. ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள். பின்னால் கேட்டால் கையில் இருக்கும்.

மதிப்பெண் விஷயத்தில் நம் ஊர் அனுபவம் காலை வாரிவிடும். அரியர் வைத்தால் அடுத்த செமஸ்டரில் எழுதி கிளியர் செய்துகொள்ளலாம், அப்புறம் யாரும் அதைப் பேசமாட்டார்கள் என்ற பழக்கம் நமக்கு. இங்கே பதினாறு வயதில் வாங்கிய எஃப், திரும்பப் படித்து ஏ வாங்கினாலும் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் அப்படியே நிற்கும். மருத்துவப் படிப்புக்கான ஆம்காஸ் விண்ணப்பத்தில், பள்ளியில் இருக்கும்போது எடுத்த கல்லூரிப் பாடங்களையும் காட்டியே ஆகவேண்டும். அவை ஜிபிஏ என்ற மதிப்பெண் சராசரிக் கணக்கிலும் சேரும். மத்திய அரசின் உதவித்தொகைக்குக் கல்லூரிகள் பார்க்கும் படிப்பு முன்னேற்றக் கணக்கிலும் இந்தப் பாடங்கள் வரக்கூடும். இன்னொன்று: பல கம்யூனிட்டி காலேஜ்களில் பிளஸ், மைனஸ் கிடையாது. 89 வாங்கினாலும் 81 வாங்கினாலும் பி, 3.0 தான்.

ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்று தெரிந்தால் தேதிதான் முக்கியம். 16 வார செமஸ்டரில் சென்சஸ் நாள், அதாவது கல்லூரி மாணவர் எண்ணிக்கையை உறுதிசெய்யும் நாள், 12-ஆவது வகுப்பு நாள். அதற்குள் விலகினால் தடமே இராது. பிறகு விலகினால், விலகியதைக் காட்டும் டபிள்யூ டிரான்ஸ்கிரிப்டில் விழும். எட்டு வார வகுப்பில் அந்த நாள் இன்னும் சீக்கிரம் வந்துவிடும். பள்ளிக் கவுன்சிலர் பள்ளி அட்டவணையிலிருந்து பாடத்தை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. கல்லூரியில் தனியாக விலகல் படிவம் கொடுக்காவிட்டால், வகுப்புக்கே போகாத பிள்ளைக்கு எஃப் வந்து நிற்கும்.

இதையெல்லாம் அம்மாவோ அப்பாவோ ஃபோன் போட்டுச் சரிசெய்ய முடியாது. மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் ஃபெர்பா சட்டப்படி, 18 வயது ஆகாவிட்டாலும், கல்லூரிப் பதிவுகளின் உரிமை மாணவருக்கே. வரிக் கணக்கில் பிள்ளையைத் தம்மைச் சார்ந்தவராகக் காட்டும் பெற்றோருக்குக் கல்லூரி தகவல் தரலாம். தந்தே தீரவேண்டும் என்பதில்லை. கல்லூரி மின்னஞ்சலைத் தினமும் பார்ப்பது, பேராசிரியருக்கு எழுதுவது எல்லாம் பிள்ளையின் வேலை. அதற்குத் தயாராக இல்லாத பிள்ளையை ஓராண்டு காத்திருக்கச் சொல்வதில் தவறே இல்லை.

டூயல் கிரெடிட்டில் சேர்வதற்கான, கல்லூரிப் பாடத்துக்குத் தயாரா என்று பார்க்கும் டிஎஸ்ஐஏ2 தேர்வை அலட்சியமாக எழுதக் கூடாது. கணக்கில் 950, ஆங்கிலத்தில் 945-உடன் கட்டுரைக்கு 5 வேண்டும். கணக்கில் முதல் கட்டக் கேள்விகளே 20 தான் என்பதால் ஒவ்வொன்றுக்கும் எடை அதிகம். நேரக் கட்டுப்பாடு கிடையாது. ஆனாலும் பிள்ளைகள் அரை மணியில் முடித்துவிட்டு எழுந்து வருகிறார்கள். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் கணக்குக்கு 530, வாசிப்பு-எழுத்துக்கு 480 இருந்தால் இந்தத் தேர்வே வேண்டாம்.

யூடி ஆஸ்டினுக்கு (ஆஸ்டினில் உள்ள டெக்ஸஸ் பல்கலைக்கழகம்) குறிவைப்பவர்கள் பள்ளி ரேங்க்கையும் கவனிக்கவேண்டும். 2026 இலையுதிர் காலச் சேர்க்கையிலிருந்து அங்கே தானாக இடம் கிடைப்பது முதல் 5 சதவீதத்தினருக்கு மட்டும், அதுவும் கேட்ட மேஜருக்கு உத்தரவாதம் கிடையாது. சில பள்ளி மாவட்டங்களில் டூயல் கிரெடிட்டைவிட ஏபி பாடத்துக்கு (பள்ளியே கல்லூரித் தரத்தில் நடத்தும் பாடம்) ஜிபிஏ எடை அதிகம். மாவட்டத்தின் கையேட்டில் அந்த அட்டவணையைத் தேடிப் படித்த பிறகு முடிவெடுங்கள். யூடி நடத்தும் ஆன்ராம்ப்ஸ் வகுப்பு கொஞ்சம் தனி ரகம்: கல்லூரி மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு கிரெடிட்டை ஏற்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். தயக்கம் உள்ள பிள்ளைக்கு முதல் பாடமாக அதைத்தான் பரிந்துரைப்போம்.

கட்டணத்துக்கு மத்திய அரசின் பெல் கிராண்ட் உதவித்தொகை கிடைக்காது; பள்ளி மாணவர்களுக்கு அது இல்லை. இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குக் கடந்த நான்கு ஆண்டுகளில் ஒருமுறையாவது தகுதி பெற்றிருந்தால், 2023-இல் வந்த ஃபாஸ்ட் திட்டத்தில் சேர்ந்துள்ள கல்லூரிகளில் கட்டணம் இல்லை.

கடைசி வேலை டிரான்ஸ்கிரிப்ட். பள்ளி அனுப்பும் டிரான்ஸ்கிரிப்டில் பாடத்தின் பெயர் இருப்பதால் கிரெடிட் போய்ச் சேர்ந்துவிடாது. பாடம் நடத்திய கல்லூரியிலிருந்து, இறுதி மதிப்பெண் பதிவான பிறகு, மாணவரே விண்ணப்பித்து அனுப்பவேண்டும். இரண்டு கல்லூரிகளில் படித்திருந்தால் இரண்டிலிருந்தும்.