பக்கத்து மாநிலக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் சேர்வது எப்படி?

அமெரிக்காவில் வெளிமாநில அரசுக் கல்லூரி என்றதும் கட்டணத்தைப் பார்த்துப் பின்வாங்கிவிடாதீர்கள். நாங்கள் ஓரிகானில் இருக்கிறோம். என் மகள் நெவாடாவில் படிக்கிறாள். மேற்கு மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச் என்ற இளங்கலைக் கட்டணச் சலுகைத் திட்டம்தான் கைகொடுத்தது. உள்ளூர் மாணவர் 10,000 டாலர் கட்டினால், இதில் வருபவரிடம் அதிகபட்சம் 15,000 டாலர்தான் வாங்கலாம். அதாவது ஒன்றரை மடங்கு.

முதலில் உங்கள் மாநிலம் எந்தக் கூட்டமைப்பில் இருக்கிறது என்று பாருங்கள். தெற்கில் அகடமிக் காமன் மார்க்கெட் என்ற திட்டம் இருக்கிறது. சொந்த மாநிலத்தில் இல்லாத படிப்புக்குத்தான் அங்கே சலுகை. நியூ இங்கிலாந்துக்கும் மத்திய மேற்குக்கும் தனித்தனித் திட்டங்கள் உண்டு.

அப்புறம், கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் ஒரு இடத்தில் ஏமாந்தோம். திட்டத்தின் பட்டியலில் கல்லூரி இருந்தது, மகள் கேட்ட நர்சிங் படிப்புக்குச் சலுகை இல்லை! சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி மூன்றைக் கேளுங்கள்: இந்தப் படிப்புக்கு உண்டா, தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா, கடைசி நாள் எது. இடங்கள் குறைவாக இருக்கலாம் என்பதால் சீக்கிரம் கேட்பது நல்லது. சலுகை தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிவையுங்கள்.

விடுதி, சாப்பாட்டுச் செலவு குறையாது. இன்னொன்று: இந்தச் சலுகையில் படிக்கும் காலம், பொதுவாக அந்த மாநிலத்தில் வசித்த காலமாகக் கணக்கில் வராது. ஒரு வருடம் கழித்து உள்ளூர்க் கட்டணத்துக்கு மாறிவிடலாம் என்று என் கணவர் போட்ட கணக்கு அதோடு போச்சு.