குளிர் மழைக்காலத்துல பாரம்பரிய பீன்ஸ் விதைக்கிறவங்க பண்ற தவறுகள் (நானும் பண்ணதுதான்)

போன வருஷம் ஸ்ப்ரிங் ஆரம்பத்துல ரெண்டு நாள் நல்லா வெயில் அடிச்சுது, அவ்ளோதான், எனக்கு கை துறுதுறுன்னு வந்துருச்சு. டப்பால பத்திரமா வச்சிருந்த கொடி பீன்ஸ் விதை நாப்பதையும் ஒரே நாள்ல பாத்தில ஊனிட்டேன். மறுநாளே பிடிச்ச மழை ஒரு வாரம் விடல. ரெண்டு வாரம் கழிச்சு பொறுமை இல்லாம விரலால நோண்டிப் பாத்தா விதை உப்பிப்போய், தோல் தனியா கழண்டு, லேசா அமுக்குனாலே பிசுபிசுன்னு பிதுங்குது, கூடவே ஒரு புளிச்ச நாத்தம். நாப்பதுல வெளிய வந்தது ஆறே ஆறு. கடை பாக்கெட்னா இன்னொன்னு வாங்கிப் போட்டுக்கலாம், இது கைமாறி கைமாறி வந்த விதை, போனா போனதுதான்.

அப்புறம் உக்காந்து யோசிச்சா தப்பு ஒன்னு இல்ல, வரிசையா பண்ணிருக்கேன்.

முதல் தப்பு காலண்டரையும் வெயிலையும் பாத்து விதைச்சது. பீன்ஸுக்கு காத்து சூடா இருக்கா இல்லையாங்கறது ரெண்டாவது விஷயம், மண்ணு சூடாச்சான்னுதான் பாக்கணும். மதியம் வெயில்ல மேல் மண்ணைத் தொட்டுப் பாத்தா கதகதன்னுதான் இருக்கும், அதை நம்பாதீங்க. ஒரு தெர்மாமீட்டரை 5 சென்டிமீட்டர் ஆழத்துல குத்தி காலைல எட்டு ஒம்போது மணிக்குப் பாருங்க. நாலஞ்சு நாள் தொடர்ந்து 15, 16 டிகிரிக்கு மேல காட்டுனாதான் விதையைக் கையில எடுக்கணும். 25 டிகிரி இருந்தா ஒரு வாரம் பத்து நாள்ல முளைச்சு வந்துரும், 15ல அதே விதை ரெண்டு வாரம் மூணு வாரம் எடுத்துக்கும், 10க்கு கீழ போச்சுன்னா முளைக்காம அங்கயே கிடந்து அழுகும், மண்ணுக்குள்ள கிடக்கிற ஒவ்வொரு நாளும் அதுக்கு ஆபத்துதான்.

இதுல நெறைய பேருக்குத் தெரியாத ஒன்னு என்னன்னா, விதை தண்ணி குடிக்கிற அந்த முதல் நாள்தான் ரொம்ப முக்கியம். காஞ்ச விதைக்குள்ள செல்லைச் சுத்தி இருக்கிற சவ்வெல்லாம் சுருங்கி கலைஞ்ச மாதிரி இருக்கும், தண்ணி உள்ள போகப் போகத்தான் அது திரும்ப ஒழுங்கா சேரும். அந்த நேரத்துல ஜில்லுன்னு இருக்கிற தண்ணி வேகமா உள்ள போனா சவ்வு சரியா சேராது, உள்ள இருக்கிற சக்கரை எல்லாம் வெளிய கசிய ஆரம்பிக்கும். ஈர மண்ணுல பித்தியம்னு பூஞ்சை மாதிரி ஒரு கிருமி இதுக்குன்னே காத்துட்டு இருக்கும், சக்கரை வாசம் பட்டதும் விதை மேல ஏறிடும். விதைச்சு அஞ்சு நாள் கழிச்சு வர்ற குளிர் மழையை விட விதைச்ச அன்னைக்கே பெய்யுற குளிர் மழை மோசம்னு சொல்றது இதனாலதான். மழை வரப்போகுதுன்னு தெரிஞ்சா அதுக்கு முன்னாடி அவசரமா விதைச்சுடலாம்னு தோணும் பாருங்க, அப்படியே தலைகீழ். மழை ஓஞ்சு, மண்ணு கொஞ்சம் உலர்ந்து, அடுத்த ரெண்டு மூணு நாள் கதகதப்பா இருக்கும்னு தெரிஞ்சப்புறம் விதைங்க. பதறாத காரியம் சிதறாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

இதோட சேந்த இன்னொரு தப்பு ராத்திரி முழுக்க விதையை ஊறப் போடுறது. சூடான காலத்துல வறண்ட மண்ணுக்கு ஓகே, குளிர்ந்த ஈர மண்ணுக்கு வேண்டவே வேண்டாம். பீன்ஸ் விதை பெருசு, மடமடன்னு தண்ணி இழுத்து வித்திலை, அதான் விதைக்குள்ள இருக்கிற ரெண்டு பருப்பு, விரிசல் விட்டுரும், தண்ணிக்குள்ளயே கிடந்தா மூச்சு முட்டும். அவசரம்னா ஈர பேப்பர் டவல்ல சுருட்டி வீட்டுக்குள்ள கதகதப்பான இடத்துல வைங்க, வெள்ளை வேர் நுனி அரை சென்டிமீட்டர் எட்டிப் பாத்ததும் எடுத்து மெதுவா ஊனலாம். வேர் உடைஞ்சா அந்த விதையை மறந்துடுங்க. பழைய விதைன்னா இதே டவல்ல பத்து விதை வச்சு எத்தனை முளைக்குதுன்னும் முன்னாடியே பாத்துக்கலாம், அஞ்சுக்கு கீழன்னா பாத்தில நேரடியா போட்டு ரிஸ்க் எடுக்க வேண்டாம்.

விதையோட கலரைக் கவனிக்காம எல்லாத்தையும் ஒரே நாள்ல போடுறதும் தப்புதான். பொதுவா வெள்ளை விதைக்குத் தோல் மெல்லிசு, தண்ணியை வேகமா இழுக்கும், குளிர் மண்ணுல முதல்ல அழுகுறது அதுதான். கறுப்பு, அடர் பழுப்பு விதையோட தோல்ல டானின்னு ஒரு துவர்ப்புப் பொருள் இருக்கும், தண்ணி மெதுவாத்தான் உள்ள போகும், கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். செரோக்கீ ட்ரெயில் ஆஃப் டியர்ஸ்னு ஒரு கொடி பீன்ஸ், 1838ல செரோக்கீ மக்களை அவங்க ஊரை விட்டுத் துரத்துனப்ப கூடவே எடுத்துட்டுப் போன விதைன்னு அதோட கதை, கறுகறுன்னு பளபளப்பா இருக்கும். அந்த மாதிரி கறுப்பு ரகத்தை முதல்ல போடுங்க, ப்ளூ லேக் மாதிரி வெள்ளை விதையை ஒரு பத்து நாள் தள்ளிப் போடுங்க. இன்னொன்னு, கடையில ரோஸ் கலர்ல மருந்து தடவி விக்கிற விதை குளிர் மண்ணுல பொழச்சதைப் பாத்துட்டு நம்ம டப்பா விதையும் பொழைக்கும்னு கணக்குப் போடாதீங்க, நம்ம விதைக்கு அந்தக் கவசம் கிடையாது.

மண்ணு விஷயத்துக்கு வருவோம். மழை விட்ட மறுநாளே மண்வெட்டியோட இறங்காதீங்க. ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடிச்சு கட்டை விரலால தட்டுங்க, உதிர்ந்தா வேலை பாக்கலாம், களிமண் பொம்மை மாதிரி அப்படியே நின்னா இன்னும் ரெண்டு நாள் சும்மா இருங்க. ஈரத்துல கொத்துன மண்ணு இறுகிரும், காத்துப் போகாது, மேல காஞ்சு ஓடு மாதிரி பாளம் கட்டிக்கும். பீன்ஸ் முளை நேரா வராது, கழுத்தை வளைச்சு முதுகால மண்ணை முட்டித் தூக்கிட்டுத்தான் வரும், பாளத்துல முட்டுனா அந்தக் கழுத்து படக்குன்னு ஒடிஞ்சிரும். ஆழமும் அதேதான், குளிர் மண்ணுக்கு 2.5 சென்டிமீட்டர் போதும், அதுக்கு மேல போகாதீங்க. மேட்டுப் பாத்தி போட்டா தண்ணி வடியும், சீக்கிரம் சூடாகும். மூடாக்கை மட்டும் அவசரப்பட்டு போடாதீங்க, வைக்கோல் மண்ணைக் குளிராவே வச்சிருக்கும், நத்தைக்கும் வசதியான வீடு. செடி ஒரு ஜான் வளந்து மண்ணு சூடானப்புறம் போட்டுக்கலாம்.

பச்சை சாணமும் அரைகுறையா மக்குன உரமும் போட்டுட்டு உடனே விதைக்கிறது அடுத்தது. புதுசா கிளறி மக்கிட்டு இருக்கிற மண்ணு வாசத்துக்கு ஒரு சின்ன ஈ வந்து முட்டை வைக்கும், அதோட வெள்ளைப் புழு நேரா விதைக்குள்ள புகுந்து குடையும். முளைச்சு வந்தா கூட உச்சில குருத்தே இருக்காது, ரெண்டு வித்திலையை வச்சுக்கிட்டு மொட்டையா நிக்கும். குளிர்ல முளைப்பு தாமதமாகும்ல, புழுவுக்கு அவ்ளோ டைம் கிடைக்குது. பசுந்தாள் மடக்கி உழுதா ஒரு மூணு வாரமாவது விட்டு விதைங்க.

வீட்டுக்குள்ள நாத்து விட்டா என்னன்னு கேப்பீங்க. தாராளமா விடலாம், பீன்ஸைப் பிடுங்கி நடக்கூடாதுன்னு சொல்றது பாதி உண்மைதான். வேரை ஆட்டுனாதான் அதுக்குப் பிடிக்காது. பேப்பர் கப்ல ஒவ்வொரு விதையா போட்டு, முதல் நிஜ இலை விரிஞ்சதும் கப்போட நட்டுடணும், ரெண்டு மூணு வாரத்துக்கு மேல உள்ள வச்சா கொடி ஒன்னோட ஒன்னு பின்னிக்கிட்டு பிரிக்கறதுக்குள்ள உயிர் போயிரும். நடறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பகல்ல வெளிய வச்சுப் பழக்குங்க. பனி உறையற ராத்திரி ஒன்னு வந்தாலும் செடி காலி, அதனால மூடறதுக்குத் துணி கையில இருக்கட்டும்.

முளைச்சு வந்த செடி வெளிறி மஞ்சளா நின்னா உடனே யூரியா பக்கம் கை போகும். வேண்டாம். குளிர் மண்ணுல வேர் சோம்பேறியா இருக்கும், வேர் முடிச்சுல இருந்து காத்துத் தழைச்சத்தைப் பிடிச்சுக் குடுக்கிற ரைசோபியம் பாக்டீரியாவும் மெதுவாத்தான் வேலையை ஆரம்பிக்கும். சூடு ஏறுனா தானா பச்சையாகும். இப்ப தழைச்சத்தைக் கொட்டுனா பின்னாடி இலையா தள்ளும், காய் இருக்காது.

அடுத்து சொல்றது பாரம்பரிய விதை வச்சிருக்கவங்களுக்கு எல்லாத்தையும் விட முக்கியம். இலை ஈரமா இருக்கறப்ப செடிக்குள்ள கை விடாதீங்க, காய் பறிக்க, களை எடுக்க, கம்புல கட்ட, எதுக்கும் கூடாது. குளிரும் ஈரமும் சேந்தா வர்ற ரெண்டு நோய் இருக்கு. ஒன்னு பாக்டீரியா நோய், இலைல சின்னப் பழுப்புப் புள்ளி வந்து அதைச் சுத்தி வெளிர் மஞ்சள் வட்டம் கட்டும், காய்ல எண்ணெய் பட்ட மாதிரி புள்ளி விழும். இன்னொன்னு ஆந்த்ராக்னோஸ்னு ஒரு பூஞ்சை நோய், இலையைத் திருப்பிப் பாத்தா நரம்பு செங்கல் கலர்லயோ கறுப்பாவோ இருக்கும், காய்ல குழி விழுந்த புண்ணு, அதைச் சுத்தி கருஞ்சிவப்பு விளிம்பு. ரெண்டுமே ஈரக் கை வழியா செடிக்குச் செடி பரவும், அதை விட மோசம், விதைக்குள்ளயே உக்காந்து அடுத்த வருஷத்துக்கும் வந்துரும். நல்ல காயா பாத்து எடுத்தேனேன்னு சொல்றதெல்லாம் செல்லாது, நோய் வந்த செடில இருந்து விதை எடுக்கவே கூடாது, செடியைக் கம்போஸ்ட்லயும் போடாதீங்க.

கலப்பு ஆகிடுமோன்னு சில பேர் ரொம்பப் பயப்படுறாங்க, சாதா பீன்ஸ் பூ விரியறதுக்கு முன்னாடியே தனக்குத்தானே மகரந்தம் சேத்துக்கும், ரகத்துக்கு ரகம் சில மீட்டர் தள்ளி வச்சா வீட்டுத் தோட்டத்துக்கு அது போதும். ரன்னர் பீன்ஸ்னு வேற ஒரு இனம் இருக்கு, அது மட்டும்தான் தேனீ வந்து கலக்குற கேஸ், அதுல ரெண்டு ரகத்தைப் பக்கத்துல வைக்காதீங்க.

லேட்டாயிடுச்சேன்னு பதறவும் வேண்டாம், பச்சைக் காயா பறிக்கிற செடி பீன்ஸ் 50, 60 நாள்ல காய்க்கும். காஞ்ச விதைக்கு விடறதுன்னா 90 நாள்ல இருந்து 110 நாள் வரை கணக்கு வச்சுக்கங்க, சீசன் முடிவுல வர்ற முதல் பனில இருந்து பின்னாடி எண்ணிப் பாத்தா கடைசித் தேதி தெரிஞ்சிரும். கடைசில மறுபடி மழை பிடிச்சா பழுத்துட்டு இருக்கிற செடியை வேரோட பிடுங்கி கூரைக்குள்ள தலைகீழா தொங்க விடலாம், நெத்து அங்கயே காஞ்சிரும்.

என்னோட அந்த ஆறு செடில ரெண்டுக்கு மஞ்சள் வட்டம் வந்துச்சு, மனசே இல்லாம பிடுங்கிப் போட்டேன். மீதி நாலுல ஒரு டம்ளர் விதை தேறுச்சு. அதுல பாதி இப்பவும் டப்பாலதான் இருக்கு, இந்த வருஷம் முழுக்க அதைத் தொடப்போறதில்ல. மீதியை மூணா பிரிச்சு பத்து நாளுக்கு ஒரு தடவை போடலாம்னு இருக்கேன். இன்னைக்குக் காலைல தெர்மாமீட்டர் 13 காட்டுது, வெயில் பளிச்சுன்னுதான் அடிக்குது, கை துறுதுறுங்குது, டப்பாவை இன்னும் திறக்கல.